செய்தி வெள்ளமும் சிந்தனைக் கரையும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி வீதி வழியாகச் செல்வோர், சாம்பல்தீவை அடைந்து கடற்பக்கமாகத் திரும்புவாராயின் சல்லி என்னும் எமது சிற்றூரைக் காணலாம். முத்துமாரி அம்மன் கோயிலும், வெண்மணலும், மணல் மீது ஏற்றிவிடப்பட்ட வள்ளங்களும், தென்னை நிழலிலிருந்து வலை பழுதுபார்க்கும் முதியோருமே ஊரின் காட்சி. போரும் கடலும் எத்தனையோ முறை அலைத்தெடுத்த பின்னரும் இக்காட்சி மீண்டும் மீண்டும் உருப்பெற்று வந்திருக்கிறது. ஆயினும் இப்போது அதில் ஒரு சிறு மாற்றம் காண்கிறோம். முன்னாளில் அம்முதியோரின் கைகள் வலையிலும் கண்கள் கடலிலும் இருக்கும். இந்நாளிலோ மடியில் ஒரு கைத்தொலைபேசி கிடக்கிறது. அது சிணுங்குந்தோறும் வலை கை நழுவுகிறது. அவர்கள் பழுதுபார்க்கும் வலையினும் பெரியதொரு வலையிலே அவர்களும் நாமும் அகப்பட்டிருக்கிறோம்.

இவ்வாறு சொல்வதால் நாம் புதுமையை வெறுப்பவர் என நேயர்கள் எண்ணிவிடலாகாது. செய்தி வந்து சேராமையால் விளையும் கேடு யாதென்பதை எமது கரையோர மக்களைப் போல் அறிந்தவர் மிகச் சிலரே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை 6.58 மணிக்குச் சுமாத்திரா அருகே கடலடியிற் பூமி அதிர்ந்தது. அலை எமது கிழக்குக் கரையைத் தொடுவதற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அவ்வளவு நேரமும் உலகின் பல மூலைகளில் அந்த அதிர்ச்சி பதிவாகிக்கொண்டிருந்தது. தொலைபேசியும் இருந்தது, வானொலியும் இருந்தது. ஆனால் "கடலை விட்டு ஓடுங்கள்" என்ற ஒரு வாக்கியம் மாத்திரம் எமது கரைக்கு வரவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த ஒரு வாக்கியம் வந்திருக்குமாயின் எத்தனை பேர் இன்று எம்மோடு இருந்திருப்பார்கள் என எண்ணாத வீடு இக்கரையில் இல்லை.

பின்னர் நிலைமை மாறிற்று. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆம் நாள் சுமாத்திராப் பக்கம் மீண்டும் பேரதிர்ச்சி ஏற்பட்டபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. கரையோர மக்கள் மேட்டுநிலம் நாடிச் சென்றனர். நல்வினையாக அன்று பேரலை எழவில்லை. எச்சரித்தவர்களே பின்னர் அதனை நீக்கியும் அறிவித்தனர். 2020 டிசெம்பரில் 'புரேவி' சூறாவளி எமது மாவட்டக் கரையைக் கடந்தபோதும் முன்னறிவித்தல் கிடைத்தமையால் மக்கள் வேளையோடு இடம்பெயர்ந்தனர். எனவே செய்தி விரைந்து வருவது வரமே என்பதில் எமக்கு ஐயமில்லை. அந்த வரம் எவ்வாறு சாபமாக மாறுகிறது என்பதையே இவ்வாரம் ஆராய விரும்புகிறோம். அதற்கு வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. குற்றவாளி நாமே.

சென்ற மாரிகாலத்தில் ஓரிரவு, மணி பத்தைக் கடந்திருக்கும். வெளியே நல்ல மழை. மாணாக்கரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். கைத்தொலைபேசி சிணுங்கிற்று. பழகிய நண்பர் ஒருவர் வட்ஸ்அப் வழியாக ஒரு குரற்பதிவை அனுப்பியிருந்தார். யாரோ ஒருவர் பதறிய குரலிற் பேசினார். இந்தோனேசியாவிற் பெரும் பூமியதிர்ச்சியாம். இன்னும் ஒரு மணித்தியாலத்துள் அலை வருமாம். ஏதோ ஓர் அலுவலகத்திற் பணிபுரிபவரே சொன்னாராம். கேட்டு முடியுமுன் எமது நெஞ்சு படபடத்தது. 2004இன் காலைப்பொழுது கண்முன் வந்து நின்றது.

அப்போது நாம் செய்தது யாது? வானொலியைத் திருப்பினோமா? எவரையேனும் கேட்டோமா? இல்லை. ஒரு நிமிடமும் தாமதியாது அதனை எமது பழைய மாணாக்கர் குழுவுக்கும், ஊர்க் குழுவுக்கும் அப்படியே அனுப்பிவைத்தோம். அனுப்பியதோடு நில்லாது, "கரையோரத்தில் இருப்போர் உடனே கவனிக்கவும்" என்று ஒரு வரியையும் எமது கையாற் சேர்த்தோம். நன்மை செய்கிறோம் என்ற நினைப்பே அவ்வேளை எம்மை ஆண்டது.

கால் மணித்தியாலத்துள் ஊர் எழுந்துவிட்டது. கதவுகள் அடித்து மூடும் ஓசை, குழந்தைகளின் அழுகை, முச்சக்கர வண்டிகளின் இரைச்சல். மழையிலும் இருளிலும் மக்கள் வீதியை நோக்கி ஓடினர். எமது மாணாக்கன் ஒருவன், இப்போது நகரிலே கடை வைத்திருப்பவன், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை அழைத்துக் கேட்டான். அப்படி எச்சரிக்கை எதுவும் விடுக்கப்படவில்லை என்ற மறுமொழி கிடைத்தது. பூமி அதிரவுமில்லை, கடல் பொங்கவுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எவரோ பேசிய பழைய பதிவு எங்கோ கிடந்து மறுபடி உயிர்பெற்று வந்திருக்கிறது. நள்ளிரவில் மக்கள் நனைந்தபடி திரும்பினர். சிலர் சிரித்தனர், சிலர் ஏசினர். ஒருத்தி மாத்திரம் வீடு திரும்பவில்லை.

அவர் எழுபதைக் கடந்த மூதாட்டி. 2004இல் பேரன் ஒருவனைக் கடலுக்குக் கொடுத்தவர். மறுபடியும் ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்பார் போலச் சின்னப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மதகடியில் இருளிற் கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் வைத்தியசாலையில் அவரைப் போய்ப் பார்த்தோம். என்ன சொல்லி வருந்துவதென்று தெரியாமற் கட்டிலருகே நின்றோம். அவர் எம்மைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாற் பொறுத்திருப்போம். அவர் சொன்னது இதுதான்:

"இருங்கோ மாஸ்ரர். உந்த ரெலிபோனிலை நாளுக்கு நூறு வரும், நான் ஒண்டையும் காதிலை போடுறதில்லை. மாஸ்ரர் அனுப்பியிருக்கிறார் எண்டு பேத்தி சொன்னாள். அதுதான் ஓடினனான்."

அச்சொற்கள் இன்றுவரை எம்மை விட்டு அகலவில்லை. அந்தப் பதிவிலே பேசிய குரலை அவர் அறியார், நம்பவுமில்லை. அவர் நம்பியது எம்மை. ஊர் பேர் அற்ற ஒரு பொய், எமது இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலின் பெயரைக் கடனாக வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. கடன் கொடுத்தவர் நாம். வட்டியோடு செலுத்தியவர் அவர்.

இதனையே நேயர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என விரும்புகிறோம். வதந்தி என்பது கைத்தொலைபேசி பெற்ற பிள்ளையன்று. சந்தையும் குளக்கரையும் உள்ள நாளெல்லாம் வதந்தியும் இருந்தது. ஆனால் முன்னாளில் ஒரு செய்தி சாம்பல்தீவுச் சந்தியிலிருந்து சல்லிக்கு வருவதானால் ஒரு மனிதன் அதனைச் சுமந்து நடந்துவர வேண்டும். அவன் இன்னான் மகன், இன்ன குணத்தினன், இதற்கு முன் எத்தனை முறை அளந்தவன் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். "நீ கண்டாயா?" என்று கேட்டால் அவன் நின்று மறுமொழி சொல்ல வேண்டும். நடந்துவரும் நேரத்தில் அவனது பதற்றமும் பாதி அடங்கிவிடும். ஆகவே செய்திக்கு ஒரு முகமும் இருந்தது. செய்தி கேட்பதற்கும் அதனைப் பரப்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளியும் இருந்தது. பொய்யைப் பொடித்து உமி வேறு அரிசி வேறாகப் புடைத்த சுளகு அந்த இடைவெளியேயாகும்.

இந்நாளில் அந்த இடைவெளி ஒரு விரலசைவாகச் சுருங்கிவிட்டது. முகமோ இல்லாமற் போகவில்லை. அதனினும் கேடாக, அனுப்புபவனின் முகத்தையே செய்தி அணிந்துகொள்கிறது. தந்தை அனுப்பினால் தந்தையின் முகம். ஆசிரியர் அனுப்பினால் ஆசிரியரின் முகம். "எமக்கு வந்ததை அனுப்பினோம், அவ்வளவே" என்று பலர் சொல்கிறார்கள். நாமும் அவ்வாறே சொல்லிப் பார்த்தோம். வைத்தியசாலைக் கட்டிலின் முன் அச்சமாதானம் நிற்கவில்லை.

எமது ஊரில் முறிந்தது ஒருவரின் எலும்பு. இதே காரணத்தால் எமது கிழக்கு மாகாணத்திலேயே ஊர்களின் உறவு முறிந்ததையும் கண்டோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே உண்ண வந்த ஒருவர் குழம்பில் ஒரு கட்டியைக் கண்டார். சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். காசாளர் தமிழ் பேசுபவர், சிங்களம் நன்கறியாதவர். சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி, கேட்ட கேள்வி விளங்காமல் அவர் தடுமாறிச் சொன்ன ஓரிரு சொற்கள் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டன. அக்காட்சி கைத்தொலைபேசியிற் படமாக்கப்பட்டு முகநூலிற் பரவிற்று. அவ்விரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி எனத் தெரிந்தது. அத்தகைய மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை என்று வைத்தியர்களும் எடுத்துரைத்தனர். ஆனால் மாக்கட்டியைப் பற்றிய உண்மை மாத்திரையைப் பற்றிய பொய்யின் வேகத்தில் ஓடவில்லை.

அடுத்த வாரம் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தின் திகனவிலும் அயலூர்களிலும் கலவரம் மூண்டது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பரவிய பகைமொழிகள் எரியும் வீட்டில் எண்ணெய் வார்த்தன. மார்ச் 6ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் முதலியவை முடக்கப்பட்டன. முகநூல் மீதான தடை 15ஆம் நாளே நீங்கிற்று. தனது மேடை அக்கலவரத்துக்குத் தவறாகப் பயன்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கும் இழந்த உயிர்களுக்கும் அவ்வருத்தம் ஈடாகுமா?

அக்கரையில் தமிழகத்திலும் அதே ஆண்டு இத்தகைய கொடுமை நிகழ்ந்தது. பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்னும் பொய்ச் செய்தி வட்ஸ்அப் வழியாக ஊரூராகப் பரவியிருந்த வேளை அது. மே மாதம் 9ஆம் நாள், குலதெய்வ வழிபாட்டுக்காக உறவினரோடு திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர், வழியிற் கண்ட சிறுவர்க்கு இனிப்புக் கொடுத்தார். அன்பினாற் கொடுத்த இனிப்பு ஐயத்தை விளைத்தது. கூடிய கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. குழந்தைக்கு இனிப்புக் கொடுப்பது குற்றமாகிவிடும் அளவுக்கு எமது மனங்களை நஞ்சாக்கியது எது என்பதைத் தாய்மார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொய் ஏன் இத்துணை விரைவாக ஓடுகிறது? இதனை ஆராய்ந்தோரும் உளர். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் மூவர், 2006 முதல் 2017 வரை ருவிற்றர் தளத்தில் உலாவிய ஏறக்குறைய 126,000 செய்திகளை ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டு 'சயன்ஸ்' என்னும் இதழில் முடிவை வெளியிட்டனர். 1,500 பேரை அடைவதற்குப் பொய்க்கு வேண்டிய காலத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு காலம் உண்மைக்கு வேண்டியிருந்ததாம். இதற்குக் காரணம் இயந்திரங்களா என ஆராய்ந்தபோது, இயந்திரங்கள் மெய்யையும் பொய்யையும் ஏறத்தாழ ஒரே அளவிற் பரப்புவது தெரிந்தது. பொய்யைத் தேர்ந்தெடுத்துத் தோளில் ஏற்றிச் சென்றவர்கள் மனிதர்களே. பொய்யிலே புதுமை மிகுதி. அச்சமும் வியப்பும் அருவருப்பும் மிகுதி. புதிதொன்றை முதலிற் சொல்லும் பெருமையை விரும்பாதவர் யார்? அன்றிரவு எம்மை உந்தியது மக்கள் மீதுள்ள பரிவு மாத்திரந்தானா, முதலில் அறிவித்தவர் என்ற பெயரும் சேர்ந்ததா என்று எம்மையே கேட்டுக்கொள்கிறோம். முழுதும் பரிவுதான் என்று சத்தியம் செய்ய எம்மால் இயலவில்லை.

ஆறுதல் தரும் செய்தியும் ஒன்றுண்டு. 2018 ஜூலையில் இந்தியாவிலும் 2019 ஜனவரியில் உலகெங்கும், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. கை மாறிக் கை மாறி வந்த செய்திகளை ஒரு வேளையில் ஓரிடத்துக்கு மாத்திரமே அனுப்பலாம் என 2020 ஏப்ரிலில் அவ்வரம்பை மேலும் இறுக்கிற்று. அதன்பின் அவ்வகைச் செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. எவரையும் தண்டிக்கவில்லை, எவர் வாயையும் அடைக்கவில்லை. விரலுக்கு ஒரு சிறு தடங்கல் வைத்தார்கள், அவ்வளவே. மக்களிற் பெரும்பாலோர் தீயவர் அல்லர், அவசரக்காரரே என்பது இதனாற் புலப்படுகிறதன்றோ? அவ்வாறாயின், நிறுவனம் இட்ட தடங்கலை நமக்கு நாமே ஏன் இட்டுக்கொள்ளலாகாது?

அரசாங்கமே எல்லாவற்றையும் முடக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பர். 2019 ஏப்ரில் 21ஆம் நாள் குண்டுவெடிப்புகளின் பின்னரும் இத்தளங்கள் முடக்கப்பட்டன. அன்று வதந்திக்கு மாத்திரமா கதவு மூடப்பட்டது? உற்றாரின் நலம் அறியத் துடித்தவர்களுக்கும் அன்றோ மூடப்பட்டது! வெள்ளத்துக்கு அஞ்சிக் கிணற்றைத் தூர்ப்பது அறிவுடைமையாகாது. கரையை உயர்த்துவதே வழி. அந்தக் கரை ஒவ்வொருவர் சிந்தனையிலும் எழ வேண்டியது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் எமது இல்லத்தில் சில நியமங்களை வகுத்திருக்கிறோம். எதனையும் பிறருக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்பது முதலாவது: இதனை நேரிற் கண்டவர் யார்? இது நிகழ்ந்தது எந்நாள்? இது பொய்யானால் மறுமொழி சொல்பவர் யார்? மூன்றில் ஒன்றுக்கு விடையில்லாவிடினும் அது எம் கையோடு நின்றுவிடும். கடலும் புயலும் பற்றிய செய்தியாயின், அனுப்புவதற்கு முன் 117ஐ அழைப்பது இரண்டாவது. பொய்யை அனுப்பிவிட்டோம் எனத் தெரிந்தால், அது சென்ற இடத்துக்கெல்லாம் எமது பெயரைச் சொல்லியே திருத்தத்தையும் அனுப்புவது மூன்றாவது. இம்மூன்றாவதே கடினமானது. அன்றிரவே எமது தவற்றை இரு குழுக்களிலும் ஒப்புக்கொண்டு எழுதினோம். பொய்யைப் பிறருக்கு அனுப்பியவர் பலர். திருத்தத்தை அனுப்பியவர் மிகச் சிலரே.

ஒன்றை மாத்திரம் மயங்காதிருக்க வேண்டும். பொறுத்து ஆராய்தல் என்பது ஆபத்தைக் கண்டும் அசையாதிருத்தல் அன்று. நிலம் வலுவாக அதிர்வதை உணர்ந்தாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்ணாற் கண்டாலும், எவருடைய செய்திக்கும் காத்திராமல் மேட்டுநிலம் நோக்கி ஓட வேண்டும். பொறுப்புள்ளோர் அறிவித்தாலும் ஓட வேண்டும். இன்று வீணே பரப்பும் ஒவ்வொரு பொய் எச்சரிக்கையும், நாளை வரக்கூடிய மெய் எச்சரிக்கையின் வலுவைக் களவாடுகிறது. இனி ஒருநாள் உண்மையாகவே அலை வரும்போது, "உதுவும் அன்றைக்குப் போலத்தான்" என்று எவரேனும் படுத்துவிட்டால் அப்பழி எவரைச் சாரும்? எமது உறக்கத்தைக் கெடுப்பது இந்த எண்ணமே.

மாணாக்கர்க்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்கு முந்திய இரவிலே 'நிச்சயம் வரும் வினாக்கள்' என்று உங்கள் குழுக்களில் உலாவுவதை நாமும் அறிவோம். ஆண்டு முழுதும் படித்ததை ஓர் இரவின் பரபரப்புக்கு விற்றுவிடாதீர்கள். எவர் சொன்னாலும், ஆசிரியரே சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்று பணிவோடு கேட்பது அவமரியாதையாகாது. கல்வியின் முதற்பாடமே அதுதான். அன்றிரவு 117ஐ அழைத்த எமது மாணாக்கன் அப்பாடத்தை எம்மிடமிருந்து கற்றான் என்றால் மகிழ்வோம். ஆனால் அன்று ஆசிரியர் மறந்ததை மாணாக்கன் மறக்கவில்லை என்பதே உண்மை.

அம்மூதாட்டி இப்போது பொல்லூன்றி நடமாடுகிறார். மாலையிற் கோயிலடியால் வரும்போது அவர் வீட்டுப் படலையில் சற்று நின்று பேசிவிட்டு வருவது எமக்கு வழக்கமாகிவிட்டது. திண்ணையிலே பேத்தி கைத்தொலைபேசியைப் பார்த்து ஏதேனும் வாசிப்பாள். கிழவி இடைமறித்து, "அது ஆர் கண்டது, பிள்ளை?" என்று கேட்பார். பிள்ளை மறுமொழி தெரியாமல் எம்மைப் பார்க்கும்.

நாமும் மறுமொழி சொல்வதில்லை. தேடிப் பார்த்துச் சொல்லும்படி அவளிடமே விட்டுவிட்டு வருகிறோம்.